ஓரமானியில் பச்சை

இறுதி ஆட்டத்துக்கு நடுவர் யார் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் சகாயமேரியின் பெயர் வந்தது. கூட்டத்தில் இருந்த பெற்றோர் எல்லாரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. அந்த ஆட்டத்தில் ஒன்பதாம் எண் சட்டை போட்டு ஆடப்போகிறவள் அவளுடைய மகள் பெனிலா.

முன்பெல்லாம் காசிமேட்டுச் சிறுமியர் கால்பந்துக் கழகத்தில், பெற்ற பிள்ளை ஆடும் ஆட்டத்துக்கு யாரும் விசில் ஊதக் கூடாது. சம்பளமில்லாத வேலை, ஞாயிற்றுக்கிழமை வெயில், போதாக்குறைக்கு வாய்க்கு வந்த ஏச்சு. பெற்றோரை விட்டால் நடுவராக ஆள் எங்கே கிடைக்கும்? பிறகு ஓரமானி வந்தது. நீதிமன்றத்துக்கும் ரேஷன் கடைக்கும் அது ஏற்கெனவே வந்துவிட்டதுதான். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் படித்து, தீர்ப்புச் சொல்பவரின் மனம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று காட்டிவிடும். சாயாவிட்டால் பச்சை, சாய்ந்தால் சிவப்பு. தீர்ப்பு சரியா தப்பா என்பது அதற்குத் தெரியாது. அதை யாரும் கேட்கவும் இல்லை. இனிமேல் பழைய விதி எதற்கு, எல்லாவற்றையும் மிஷினே பார்த்துக்கொள்ளும் என்று செயற்குழுவில் எழுந்து பேசி, அந்த விதியை எடுக்க வைத்தவள் சாட்சாத் சகாயமேரிதான். நல்ல காரியம் செய்தாள், போங்கள்.

தொடரின் முதல் ஆட்டத்திலேயே அது அவள் காலைச் சுற்றியது. எதிரணிப் பெண்ணின் காலில் பட்டுக் கோட்டைத் தாண்டிய பந்துக்குப் பெனிலாவின் அணிக்குக் கார்னர் கொடுத்தாள். கண் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்த கார்னர். ஆனால் கொடுக்கும்போது உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டது. சிவப்பு எரிந்தது, வெற்றி எதிரணிக்குப் போனது. இன்னொரு முறை எரிந்தால் அணியையே தொடரிலிருந்து நீக்கிவிடுவார்கள். மாட்டேன் என்று ஒதுங்கவும் வழியில்லை. ஒதுங்குவதும் ஓரவஞ்சனை என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் ஜெயிக்கும் அணிக்குத்தான் விளையாட்டு விடுதியில் இடம். பெனிலாவுக்கு அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். ஐந்து வயதிலிருந்து அந்த மண்ணில் முட்டி தேய்த்தவளுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது.

கையில் இருந்தது பன்னிரண்டு நாள். சகாயமேரி வீட்டிலேயே ஓரமானியைக் கட்டிக்கொண்டு, மகளின் படத்தைப் பார்த்து விசில் ஊதினாள். சிவப்பு. மறுபடி ஊதினாள். சிவப்பு. அன்றோடு பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினாள். "ஒன்பது, தட்டை எடுத்து வை" என்றாள். தலை பின்னிவிடவில்லை. பெனிலா காய்ச்சலென்று சுருண்டு படுத்தபோது நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல், மாத்திரையை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். காரணத்தைச் சொன்னால் தானே உடைந்துபோவோம் என்று பயம், எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். என்னம்மா ஆச்சு என்று பெனிலா இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள் கேட்கவில்லை.

பத்தாம் நாள் படத்துக்கு எதிரே பச்சை எரிந்தது. சகாயமேரி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

இறுதி ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கடைசி நிமிடத்தில் பந்தோடு கோல் பக்கம் புகுந்த பெனிலாவை, எதிரணிப் பெண் ஒருத்தி பின்னாலிருந்து காலை வாரிவிட்டாள். பெனிலா குப்புற விழுந்தாள். மைதானத்தில் யாரும் அவளைப் பார்க்கவில்லை, நடுவரின் மணிக்கட்டைத்தான் பார்த்தார்கள். சகாயமேரி விசில் ஊதி, பெனால்டி என்று கை காட்டினாள்.

பச்சை.

எதிரணிப் பெற்றோர்கூடக் கை தட்டினார்கள். பெனிலா மெல்ல எழுந்தாள். பந்தைப் பார்க்காமல் அம்மாவின் கையில் எரிந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் உதைத்தாள். கோல்.

கழகச் செயலாளர் தணிகைவேல் ஓடி வந்தார். உங்களால் இது எப்படி முடிந்தது, மற்ற பெற்றோருக்கும் அவசியம் சொல்லித்தர வேண்டும் என்றார். சகாயமேரி அவரை விலக்கிவிட்டு மகளிடம் போனாள். அவள் ஓர் ஓரமாக உட்கார்ந்து பூட்ஸின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உனக்காகத்தான்டி," என்றாள் சகாயமேரி. "செவப்பு எரிஞ்சிடக் கூடாதுன்னுதான் பன்னண்டு நாளா அப்படி இருந்தேன்."

பெனிலா தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்மா. இருந்தாலும் எரியும்னு நெனச்சேன். தோத்தாலும் பரவால்ல, எரிஞ்சிடும்னு நெனச்சேன்."

சகாயமேரி அவள் எதிரே உட்கார்ந்தாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்திப் பார்த்தாள். கண்ணில் மண்ணும் நீரும் கலந்திருந்தன. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து, அந்த முகத்தைப் பார்த்தபடியே ஊதினாள்.

பச்சை.

மறுபடி ஊதினாள்.