சிவப்புக் காரில் ஒரு குறை

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் சரியாக நாற்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. வித்யாஸ்ரீ மலை மேல் செம்மேடு பஸ் நிலையத்தில் இறங்கினாள். தூறல். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள், மறுபடியும் பனித்தது. மறுபடியும் துடைத்தாள்.

கார், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டே கதவு. இரண்டே இருக்கை. தரையோடு ஒட்டிய உடம்பு. அந்த மூடுபனியில் நிறம் என்று சொல்ல அதன் சிவப்பு மட்டும்தான் இருந்தது.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். தொழில் பழக்கம். பழைய கார் விற்பவர்கள், ஆள் வருவதற்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் தன் நோயை ஒளிக்காது. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"காய்ச்சல் இல்லீங்க," என்றது ஒரு குரல். "நாக்கை நீட்டச் சொல்லட்டுங்களா?"

காருக்கு அடியிலிருந்து ஒருவன் சறுக்கி வெளியே வந்தான். நெற்றியில் கிரீஸ். கண்கள்... மழையில் நனைந்த மிளகு மாதிரி ஈரக் கறுப்பு. வித்யாஸ்ரீ இயற்பியல் படித்தவள். கண்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒளிவிலகல்தான். அதுவும் அந்த நிமிடம் மறந்துபோயிற்று.

அவன் பெயர் இளங்கோ. அந்த மலையிலேயே தேவனூர் நாட்டுக்காரன், மெக்கானிக். மலையில் விடுதி கட்டிய பெங்களூர்க்காரர் ஒருவர், ஓடாத காரை அவனிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். இரண்டு வருஷம் உட்கார்ந்து ஓட வைத்தானாம். இது விற்றால் வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்கலாம். கொட்டகை ஒர்க்‌ஷாப் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அவள் கொஞ்சமாகத்தான் சொன்னாள். சேலத்தில் பழைய கார்களைச் சோதிக்கிற வேலை. வாங்குவது ஒரு கஸ்டமர்.

அந்தக் கஸ்டமரின் பெயர் ஜீவானந்தம் என்பதையும், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் விரலில் மோதிரம் போடப் போகிறவன் அவன்தான் என்பதையும் சொல்லவில்லை.

இரண்டு முறை வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு முறையும் கார்களைப் பற்றிப் பேசினான். அவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கல்யாணச் சீராக இந்தக் கார்தான் வேண்டும் என்றான். 'பொண்ணுக்கு இதே வேலைதானே, அதுவே பார்த்துச் சொல்லட்டும்' என்று சிரித்தான். அப்பா சென்னியப்பன், காளப்பநாயக்கன்பட்டியில் மரவள்ளி போடுகிறவர், மகளின் வேலையில் பெருமை உள்ளவர். "நீ சரின்னா சரி கண்ணு," என்றார். கார் சரியில்லை என்றால் வேறு கார் அமையும்வரை நிச்சயத்தைத் தள்ளிவைப்பது என்று பேச்சு. அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஒரு மாதம் எந்த நல்ல காரியமும் கிடையாது.

ஒரு மாதம்! அதற்காகத்தான் எழுபது கொண்டைஊசி வளைவுகள் ஏறி வந்திருந்தாள். ஒரு குறை வேண்டும். ஒரே ஒரு குறை...

பானெட்டைத் திறந்து கீல்களின் போல்ட்டுகளைப் பார்த்தாள். பெயின்ட் உதிரவில்லை, யாரும் கழற்றியதில்லை. கைக்குட்டையில் காந்தத்தைச் சுற்றி, கதவெல்லாம் நகர்த்தினாள். அடிபட்ட இடத்தில் பட்டி வைத்துப் பூசியிருந்தால் காந்தம் வழுக்கும். எங்கும் வழுக்கவில்லை. டயர்களில் அச்சிட்ட வாரத்தையும் வருஷத்தையும் படித்தாள். நான்கும் ஒன்றாகப் பிறந்தவை. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தாள். வெள்ளத்தில் நின்ற வாடை இல்லை. அடியில் டார்ச் அடித்தாள். துரு இல்லை.

"ஏனுங்க," என்றான் இளங்கோ. "ஒவ்வொன்னும் நல்லா இருக்க இருக்க, உங்க மொகம் வாடுதே?"

"வெளிச்சம் கம்மிங்க."

"அதான் டார்ச் அடிக்கறீங்களே..."

அவள் டார்ச்சை அணைத்தாள். காது சூடாயிற்று. அவன் தானாகவே குறை சொல்ல ஆரம்பித்தான். வலப்பக்கக் கண்ணாடி மெதுவாகத்தான் இறங்கும். காலையில் இரண்டாவது கியர் வீம்பு பண்ணும், காப்பி குடிக்காத ஆள் மாதிரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்படியெல்லாம் சிரிப்பு வரக்கூடாது... இன்றைக்கு வரவே கூடாது. தவிரவும், அந்தக் குறைகளை வைத்து ஒரு நிச்சயத்தைத் தள்ளிவைக்க முடியாது.

கடைசியாக எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினாள். உட்புறம் வெண்ணெய் அப்பியது போல வெளிர் நுரை.

எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கினால் இப்படித்தான் இருக்கும். பார்த்தவுடன் யாரும் கையெடுத்துக் கும்பிட்டு விலகிப் போகிற அறிகுறி. ஆனால் ஆயில் அளக்கும் குச்சி சுத்தமாக இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரும் தெளிவு. அவளுக்குப் புரிந்துவிட்டது. இது மலைப் பனி. செம்மேட்டிலிருந்து கோயில்வரை, கோயிலிலிருந்து செம்மேடுவரை என்று குட்டிக் குட்டியாக ஓடும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. மூடியில் படியும் ஈரம் காயாமல் ஆயிலோடு கலந்து நுரைத்துவிடுகிறது. நோயே இல்லை.

அவன் மழையில் நனையும் டூல் பெட்டியை உள்ளே இழுக்கத் திரும்பினான். அவள் போனை எடுத்தாள். ஒரு படம். அப்பாவுக்கு அனுப்பினாள். 'இதைப் பாருங்கப்பா' என்று மட்டும் எழுதினாள். பொய் என்று ஒரு எழுத்துகூட இல்லை.

நிமிர்ந்தபோது அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது தண்ணி எறங்குனது இல்லீங்க. பனி."

"தெரியும்ங்க," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

"தெரிஞ்சேதான் படம் புடிச்சீங்களா?"

மழை தகரத்தில் கொட்டியது. கீழேயிருந்து வருகிறவர்கள் எல்லாரும் இந்த நுரையைக் காட்டித்தான் மலைக்காரனை ஏமாளி ஆக்குவார்கள் என்றான். காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றியபோது, பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று நினைக்கிற ஆள் என்று நம்பினானாம். குரல் உயரவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. மூடியைத் துடைத்து மாட்டிவிட்டுச் சாவியை நீட்டினான்.

"ஓட்டுங்க. எழுவது வளைவும் எறங்கி ஏறுவோம். அப்பறமும் நுரை வந்தா, வண்டி ஒடைசல்னு நானே எழுதித் தாரேன்."

ஓட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். துடைப்பான் இப்படியும் அப்படியும் அலைந்தது. அவள் நெஞ்சும் அப்படியே. சொல்லிவிடலாமா... எதைச் சொல்வது... யாரோ ஒரு மெக்கானிக்கிடம்...

முப்பதாவது வளைவில் அவனுக்குக் கோபம் மறந்துவிட்டது.

"பிரேக்கே மிதிக்காம கியர்லயே எறக்கறீங்களே. யாருங்க பழக்குனது?"

"அப்பாங்க. மரவள்ளி மூட்டை ஏத்துன வண்டியில."

அடிவாரத்தில் திருப்பி மறுபடி ஏறினார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி, முக்கல் முனகல் இல்லாமல் பாடியது. உங்களுக்கு என்னதான் பிடிக்கும் என்று அவன் கேட்டான். சின்னக் கேள்விதான்... இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. மூடிய காருக்குள் மழைச் சத்தம் கேட்கப் பிடிக்கும் என்றாள். அப்புறம் பத்து வளைவுவரை அவன் பேசவில்லை. மழையைப் பேசவிட்டான்.

"உங்களுக்குன்னா இந்தக் காரை வாங்குவீங்களா?" என்றான் பிறகு.

"வாங்குவேங்க."

"வித்துப்போச்சுன்னா நீங்க மறுபடி மேல வர மாட்டீங்கல்ல..." அவன் கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "கொறை ஒன்னு நெசமாவே இருந்திருக்கலாம்னு இப்பத் தோணுதுங்க. அதைச் சரி பண்ணுற வரைக்குமாவது வருவீங்க."

அவள் இரண்டாவது கியரைத் தேடினாள். கை தப்பியது. காலையில் வீம்பு பண்ணும் கியர் இப்போது பட்டுப்போல் விழ, தடுமாறியது அவள்தான்.

கொட்டகைக்கு வந்து மூடியைத் திறந்தார்கள். உட்புறம் வெறும் ஆயில் பளபளத்தது. புதிதாக நுரை வந்த சுவடே இல்லை.

போன் அடித்தது. அப்பா.

மாப்பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டாராம். எஞ்சினே போச்சு என்கிறாராம். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஆடி கழியட்டும், அதற்குள் வேறு கார் பார்ப்போம் என்று சொல்லிவிட்டாராம். அந்த வண்டியை யாரும் வாங்க வேண்டாமென்று தெரிந்தவர்களுக்கெல்லாம் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறாராம்.

ஒரு மாதம் கிடைத்துவிட்டது. 'சரிங்கப்பா' என்றால் போதும்.

எதிரே இளங்கோ பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். எப்போதோ சுத்தமாகிவிட்ட கையை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷ உழைப்பு, ஒரு படத்தில்...

"அப்பா, கார்ல ஒரு கொறையும் இல்லீங்க," என்றாள். "அது மலைப் பனி. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்புனேன். படம் போனவுங்க எல்லாத்துக்கும் சொல்லிப்போடுங்க, நான் எழுதியே தாரேன்."

மறுமுனையில் பம்ப்செட் ஓடுவது கேட்டது.

"அப்பறம் ஏன் சாமி அப்படி அனுப்புனே?"

இளங்கோ நிமிர்ந்து பார்த்தான். இந்த முறை அவள் கண்களைத் தாழ்த்தவில்லை. மூக்குக்கண்ணாடி பனித்திருந்தது. துடைக்கவும் இல்லை.

"கட்டிக்கப் போற மாப்பிள்ளையை எனக்குப் புடிக்கலீங்கப்பா."