புது மெயில் வந்த சத்தம்

டிங் என்றது. எப்சி திரும்பிப் பார்த்தாள். இன்பாக்ஸில் புதிதாக ஒன்றுமில்லை.

மதியம் சாப்பிட்ட தட்டு கழுவாமல் பக்கத்திலேயே காய்ந்துகொண்டிருந்தது. வெளியே விடாத தூறல், ஜன்னல் வழியே சிட்லபாக்கம் ஏரியின் பாசி வாடையும் யார் வீட்டிலோ வெந்தயம் வறுக்கும் வாசனையும் கலந்து வந்தன, தூரத்தில் ஒரு மின்சார ரயில் தாம்பரம் பக்கமாக இரைந்து போய் அடங்கியது. கணவன் ஆரோனை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. வீட்டிலிருந்தபடி இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையைப் பார்த்தாள், மகள் ஆஷாவை ஸ்கூலுக்கு அனுப்பினாள். அவ்வளவுதான்.

டிங்.

ஆபீஸ் மெயில் ஏதாவது தவறினால் இருக்கிற வேலையும் போய்விடும். கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஜெயவேலுவுக்கு போன் செய்து, மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சத்தம் மட்டும் வருதுங்க. மெயில் எதுவும் வரல."

"செட்டிங்ஸ் உள்ள நோட்டிபிகேஷன்னு இருக்கும் பாருங்கக்கா. புது மெயிலுக்கு சவுண்டுன்னு ஒரு டிக் இருக்கும். அத எடுத்துடுங்க."

எடுத்தாள்.

டிங்.

"மெயிலயே குளோஸ் பண்ணிடுங்க."

செய்தாள். கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு, டிங்.

ஜெயவேலு சிரித்தான். "பேஜார் புடிச்ச சிஸ்டமா கீதே! ஸ்பீக்கர் ஒயரப் புடுங்கிடுங்க."

மேசைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் நாறின. ஒயர்களின் சிக்கலுக்குள் கையை விட்டுத் துழாவிப் பிடுங்கியபோது, அந்த இருட்டில், காதுக்கு வெகு அருகில் அது கேட்டது. வெளியே வந்து கம்ப்யூட்டரையே அணைத்தாள். சுவரில் பிளக்கையும் உருவினாள். உள்ளே சுற்றிய விசிறி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. திரை கறுத்தது.

டிங்.

இந்த முறை ஜெயவேலு சிரிக்கவில்லை.

"அக்கா... எனக்கும் கேக்குது. போன்கிட்டயே கேக்குது. கூட யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க."

பயப்பட வேண்டும் என்று எப்சிக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பயம் வேறு யாருக்கோ உரியதுபோல் விலகியே நின்றது.

கேட் திறந்தது. ஸ்கூல் விட்டு வந்த ஆஷா, நனைந்த பையோடு வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

டிங்.

குழந்தை காதைப் பொத்திக்கொண்டாள். "ஏம்மா அப்படிக் கத்துற?"

கம்ப்யூட்டர் ரிப்பேர்டா கண்ணு என்றாள் எப்சி.

டிங்.

"வேணாம்மா. பயமா இருக்கும்மா."

"அக்கா, என்னாச்சு?" போனில் ஜெயவேலு. "ஏதாவது பேசுங்கக்கா."

பேசிக்கொண்டுதானே இருக்கிறாள். ஒன்றுமில்லைங்க என்றாள். நல்லாத்தான் இருக்கேன் என்றாள்.

டிங். டிங்.

எப்சி கறுத்த திரையைப் பார்த்தாள். அதில் அவள் முகம். வாய் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கும் அசையவில்லை. உள்ளே இருட்டு.

டிங்.

இரண்டு கைகளாலும் வாயை அழுத்தி மூடினாள். ஆஷா பின்னோக்கியே நடந்து மழைக்குள் இறங்கினாள். போன் கட்டானது.

திரையில், விரல்களுக்குப் பின்னால், வாய் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டிருந்தது.