தூங்கி வழிந்த பஸ் மணி

கிருஷாந்திக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. தூங்காமல் வேலை செய்தபோது அவளுடைய கருவியின் பேட்டரி விடியும் வரை தாங்கியது. தூங்கப் பழக்கிய பிறகு பாதி இரவிலேயே தீர்ந்துபோனது.

தூங்கினால் மின்சாரம் மிச்சமாக வேண்டும் அல்லவா? இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது.

அக்கரப்பத்தனைக்குப் போகும் பஸ் சில நாள் ஆறரைக்கே வரும், சில நாள் ஏழேகாலுக்குத்தான் வரும். அதுவரை தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் ரோட்டில் பனியில் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். அதனால்தான் கிருஷாந்தி பஸ் மணி செய்தாள். மேல் வளைவில் ஒரு சிறிய கருவி இருக்கும். பஸ் வந்தால் தரை அதிரும். கருவி அதை உணர்ந்து, லயத்தில் இருக்கும் மணிக்குச் செய்தி அனுப்பும். மணி அடித்த பிறகு வீட்டிலிருந்து கிளம்பினால் போதும்.

செவ்வாய்க்கிழமை மணி அடிக்கவில்லை. அதை நம்பி இருந்த ஆறு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நடந்தார்கள்.

“ஒன் மணி என்னையவிட நல்லா தூங்குதுக்கா,” என்றான் தம்பி அழகன்.

சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. அன்று அழகனுக்குப் புலமைப்பரிசில் மாதிரிப் பரீட்சை. அவனுக்கோ இரண்டு வாரமாக இருமல்.

“விடியக் காத்தால பனியில போயி நின்னே, அப்புறம் பாரு,” என்று அம்மா மீனம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “மணி அடிச்சா போ. இல்லாட்டி வீட்டுல இரு.”

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், வீட்டுச் சாவி வாங்க இருவரும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போனார்கள். அம்மா நிறைந்த கூடையை முதுகில் சுமந்தபடி வரிசையில் நின்றாள்.

“பாரமா இருக்குல்ல? எறக்கி வைங்களேம்மா,” என்றாள் கிருஷாந்தி.

“முன்னால ரெண்டு பேருதான் நிக்கிறாங்க. எறக்குனா திரும்பத் தூக்கணும், கயித்த தலையில சரி பண்ணணும். அதுக்குச் சும்மா நின்னுட்டே போயிரலாம்.”

அந்த நேரம் பார்த்துத் தராசு நின்றுவிட்டது. “வேற தராசு வரணும். அரை மணித்தியாலம் ஆகும்,” என்றார் கணக்கு எழுதுபவர்.

உடனே அம்மா கூடையை இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கையும் அவிழ்த்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற வினோதா அக்காவோடு அதன்மேல் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“இப்ப மட்டும் எறக்குறீங்க?”

“அரை மணி நேரம் எவ சுமந்துக்கிட்டு நிப்பா? எம்புட்டு நேரம் நிக்கணும்னு பாத்துத்தான் எறக்கணும்.”

கிருஷாந்தி சாவியை மறந்துவிட்டு ஓடினாள். அழகன்தான் சாவியோடு பின்னால் ஓடிவந்தான்.

“என்னக்கா, பேய் புடிச்சிருச்சா?”

“தப்ப புடிச்சிட்டேன்டா.”

கருவியின் இயங்குதளத்துக்குள் கெர்னல் என்றொரு பகுதி உண்டு. வேலை இல்லாதபோது எப்படித் தூங்குவது என்று முடிவு செய்வது அதுதான். தூக்கம் இரண்டு வகை. இலேசான தூக்கத்தில் கருவியின் மூளையான சில்லு மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும். தட்டினால் எழுந்துவிடும். ஆழ்ந்த தூக்கத்தில், சில்லோடு ஒரே மின் இணைப்பில் இருக்கும் அதிர்வுமானி, ரேடியோ எல்லாமே அணைந்துவிடும். எழும்போது அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுப்ப வேண்டும். அதற்கு நிறைய மின்சாரம் செலவாகும்.

“கருவி டக்டக்குன்னு இருபது தடவ தரையத் தொட்டுப் பாக்கும். அப்புறம் அஞ்சு செக்கன் சும்மா இருக்கும்,” என்றாள் கிருஷாந்தி, வீட்டில் இருந்த கருவியைக் கையில் எடுத்தபடி. “நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ‘கொறஞ்சது எவ்வளவு ஓய்வு கெடைச்சா ஆழ்ந்து தூங்கலாம்’னு கேட்ட எடத்துல பூஜ்யம் போட்டுட்டேன்.”

அழகன் யோசித்தான். “அப்ப டக்குக்கும் டக்குக்கும் நடுவுலயும் கூடைய எறக்கி, சாக்க அவுத்து, திரும்பக் கட்டி...”

“அதேதான். பேட்டரி அதுலயே களைச்சுப் போச்சு.”

அவள் பூஜ்யத்தை அழித்துவிட்டு ஒரு செக்கன், அதாவது ஒரு நொடி, என்று மாற்றினாள். பேட்டரியை நிரப்பி, பொழுது சாய்வதற்குள் இருவரும் மேல் வளைவில் கருவியை வைத்துவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரை. மணி அடிக்கவில்லை. அழகன் காலில் சப்பாத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஆறே முக்கால். அம்மா அவனுடைய தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கினாள். கிருஷாந்தி மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மணி கணகணவென்று அடித்தது.

“ஓடுடா!”

அழகன் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி, பாதி வழியில் அதை அக்கா கையில் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்கப் பஸ்ஸில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை கருவியை எடுத்துப் பார்த்தபோது பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கிருஷாந்தி கொப்பியில் எழுதினாள்: ‘கண் சிமிட்டும் இடைவெளிக்கு இலேசான தூக்கம். ஐந்து செக்கன் ஓய்வுக்கு ஆழ்ந்த தூக்கம். இப்போது சரியாக வேலை செய்கிறது.’