மயிலாத்தாவின் பச்சை விருந்து

மாப்பிள்ளை வீட்டார் படியேறும்போதே ஹர்ஷித் அவர்களுடைய மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார். அம்மா, பிள்ளை இருவருக்கும் பச்சை. அவருக்கு மூச்சு வந்தது. பச்சையாய் வந்தவர்கள் பச்சையாய்த் திரும்பிப் போனால்தான் ஈரோட்டில் சம்பந்தம் படியும்.

மணிக்கட்டுத் தோலுக்கடியில் எள்ளளவாகக் குருதிமணி ஒன்று எல்லோருக்கும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அதன் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும், ஊரே பார்க்கும். அதைக் கண்டுபிடித்தவர்களுக்குக் கோயில் கட்டினாலும் தகும். கால் விரலை எடுக்கிற வார்டுகளில் இப்போது ஈ ஓட்டுகிறார்கள். டாக்டர் எத்தனை சொல்லியும் கேட்காத நாக்கு, எதிர்வீட்டுக்காரர் பார்ப்பாரே என்றதும் அடங்கிவிட்டது. நம் ஆட்களுக்கு உயிரைவிட மானம் பெரிது என்று தெரிந்துகொண்டு செய்த கருவி. பெண் பார்க்கிற வீடுகளில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் போய், அந்த இடத்தில் பன் இல்லாத சீஸ் பர்கர் வந்து உட்கார்ந்தது.

அதைச் செய்வதில் ஹர்ஷித்தின் மகள் மயிலாத்தாவை அடிக்க ஆளில்லை. (ஹர்ஷித், தன்ஷிகா எல்லாம் கிழவர்களின் பெயராகிவிட்ட காலம் அது. இளசுகள் நாகரிகமாக மயிலாத்தா, செங்கோடன் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.)

கொழுப்போடு கொத்திய ஆட்டுக்கறியை அவள் பிசையவே மாட்டாள். பிசைந்தால் ரப்பராகிவிடும். லேசாக உருட்டி, காய்ந்த கல்லில் போட்டு, ஒரே அழுத்து. உப்பு அதற்கப்புறம்தான். ஓரம் முறுகியதும் திருப்பி, சீஸ் வைத்து மூடுவாள். முட்டைக்கோஸ் இலையை வெந்நீரில் முக்கி உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் வளையும், ஆனால் கடிக்கும்போது நறுக்கென்றிருக்கும். பன்னுக்குப் பதில் அந்த இலை. சாஸ் கடைச் சரக்கில்லை, அதில் சர்க்கரை இருக்கும். முட்டைக் கருவும் கடுகும் அடித்து, ஊறுகாய் வெள்ளரியை நறுக்கிப் போட்டு அவளே செய்வாள். ஒரு வாய் கடித்தால் கறிச்சாறு முழங்கை வரை வழியும். இதைத் தின்று வளர்ந்த நாக்குக்கு பன் என்பது வெறும் பஞ்சு.

"அடேங்கப்பா! கைக்குத் தங்கக் காப்பு போடோணும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா தன்ஷிகா, முழுசையும் முடித்துவிட்டு. செங்கோடன் பாதிதான் தின்றிருந்தான். வெட்கப்பட்டுக்கொண்டே மயிலாத்தாவை ஒரு பார்வை பார்த்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. இந்த இடமே அமைந்துவிட்டால் தேவலை என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அப்போதுதான் அவன் மணிக்கட்டு மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது.

தன்ஷிகாவின் முகம் மாறியது. "ஏனுங்க, கறி உதிராம இருக்கோணும்னு ரொட்டித்தூள் கலந்தீங்களா?"

"இல்லீங்க! உங்களுக்கும் அதே கல்லுல சுட்டதுதானுங்க. உங்க கை பச்சையாத்தான இருக்குது?" என்றாள் மயிலாத்தா.

"அப்ப அவனுதுல மட்டும் என்னம்மிணி போட்ட?"

மயிலாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அழவில்லை. செங்கோடன் தட்டிலிருந்த மீதிப் பாதியை எடுத்து எல்லோர் முன்னாலும் தின்றாள். கையை மேசைமேல் நீட்டி வைத்தாள். அரை மணி நேரம் எடுக்கவில்லை. அவள் மணி பச்சையாகவே இருந்தது. செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குருதிமணி பொருத்தும் நிலையத்தில் காலம் தள்ளிய ஹர்ஷித்துக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "சம்பந்தியம்மா, நெஞ்சு படபடன்னு அடிச்சா ஈரலே சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடுமுங்க. சாப்பாடே வேண்டியதில்லை. தம்பிக்கு என்ற புள்ளையப் பாத்ததும்…"

தன்ஷிகா வாய்விட்டுச் சிரித்தார். "அட திருட்டுப் பயலே!" என்று மகன் முதுகில் தட்டிவிட்டு, ஆசையோடு மயிலாத்தாவின் கையைப் பிடித்தார். பிடித்த கையைப் பார்த்தார். பச்சை. துளி மஞ்சள்கூட இல்லை.

"அப்ப உனக்கு எம்பையனைப் புடிக்கலையா கண்ணு?"

"புடிச்சிருக்குங்க."

"வாய் சொல்லுது. கை சொல்லலையே." தன்ஷிகா எழுந்துகொண்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றோமுங்க. பாக்கலாம்."

சுடுகல்லில் கை வைத்தாலும் நிதானம் தப்பாத பெண் மயிலாத்தா. அவள் பர்கர் அவ்வளவு நன்றாக வருவதே அதனால்தான். அந்த நிதானமே இப்போது எமனாக வந்து நின்றது. வாரம் முழுக்க யோசித்தாள். அவள் வீட்டில் மாவு என்ற பேச்சே கிடையாது.

ஞாயிறு காலை, சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்களுக்காக ஊரில் விட்டுவைத்திருந்த ஒரே பேக்கரிக்குப் பின்வாசல் வழியாகப் போனாள். ஒரு பன் போதும், பொய்யாகவாவது சிவந்துவிடலாம்.

உள்ளே செங்கோடன் நின்றிருந்தான். வாயில் பாதி பன், கையில் மீதிப் பாதி.

"நீங்க எங்கீங்க இங்க?"

அவன் விழுங்க முடியாமல் விழுங்கினான். "போன வாரம் வர்ற வழியில ஒரே படபடப்புங்க, பசி வேற. பூ வாங்கறேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்து ரெண்டு பன் தின்னுட்டேன். இன்னிக்குப் பச்சையாவே இருந்தா உங்களைப் புடிக்கலைன்னு நினைப்பாங்களே? அதான் மறுபடியும்…"

மயிலாத்தாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. "என்ற கறியில ரொட்டித்தூள்னு உங்கம்மா சொன்னாங்க. அரை மணி நேரம் கைய நீட்டி வெச்சு நான் உக்காந்திருந்தேன். நீங்க வாயத் தொறக்கலை!"

வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குக் கோபத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. இந்த ஆளும் வேண்டாம், இந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

பூ வாங்கப் போன மகனைக் காணோமே என்று காரிலிருந்து இறங்கி, தானே மல்லிகை வாங்கிக்கொண்டு தேடி வந்த தன்ஷிகா வாசலில் நின்றார். செங்கோடன் பன்னை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தன்ஷிகா அவனைப் பார்க்கவே இல்லை. அவர் கண் மயிலாத்தாவின் மணிக்கட்டில் இருந்தது. குங்குமச் சிவப்பு.

"அடி என் தங்கமே! எம்பையனைப் பாத்ததும் எப்படிச் செவந்து கிடக்குது பாரு!"

"இல்லீங்க, எனக்கு இவரை…" என்று மயிலாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். மணி இன்னும் சிவந்தது.

"நீ ஒண்ணும் பேசாத கண்ணு. அதான் கையே சொல்லுதே" என்று சொல்லி, பையில் வைத்திருந்த மல்லிகையை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டார்.