இன்னும் கொஞ்சம் பின்னாடி

பெரம்பலூர்,
செவ்வாய்க்கிழமை, காலை ஆறேமுக்கால்.

சசிகலா அக்காவுக்கு, உங்கள் தம்பி மாயவனின் கூட்டாளி அறிவரசன் எழுதுவது.

போனில் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் "சாப்பிட்டியா தம்பி" என்று கேட்டதும் வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இன்று உங்கள் ஊருக்கு வந்து இதைக் கையிலேயே கொடுப்பதாக இருக்கிறேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கும் புத்தி ஒரு இடத்தில் நிற்கும்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை ஆனைக்கல் அருவிக்குப் போனோம். நான், வீரமணி, பிரேம்குமார். மாயவன் தவறி ஒரு வருஷம் ஆகப்போகிறது, விழுந்த இடத்தில் ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம் என்று வீரமணிதான் சொன்னான். பிரேம்குமாருடைய குட்டியானை வண்டி. முன்னால் அவர்கள் இரண்டு பேர், பின்னால் சரக்குத் தட்டில் நான். போன வருஷம் வரைக்கும் அந்தத் தட்டில் நானும் மாயவனும் கால் நீட்டி உட்கார்ந்து வருவோம். இந்தத் தடவை மாலைப் பொட்டலம் என் பக்கத்தில் உருண்டுகொண்டே வந்தது.

"வீரா, கோழி வாங்கலையாடா?" என்று பிரேம்குமார் கேட்டது பின்னால் எனக்குக் கேட்டது.

"மாலை போடப் போறோம்டா. கறி திங்கவா போறோம்?"

"அவன் இருந்திருந்தா, ரெண்டு கிலோ வாங்கு, எலும்பு கம்மியா போடச் சொல்லுன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்கு நிப்பான்."

மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான்.

அடிவாரத்தில் வண்டியை விட்டுவிட்டு, மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி ஒரு மணி நேரம் ஏறினோம். மழை விட்ட நாலாம் நாள். பாறையெல்லாம் பாசி. அழுகின இலையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாடை, ஏற ஏற நெஞ்சுக்குள் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே இருபது முப்பது பேராவது குளிப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் இல்லை. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. தண்ணீரின் இரைச்சல் மட்டும் மரங்களுக்கு அந்தப் பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த இடத்தை நீங்கள் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். அருவி இரண்டு தாவலாக விழும். நடுவில் கல்யாண மேடை அளவுக்குச் சமமான ஒரு பாறை. மேல் தாவலை முதுகுக்குப் பின்னால் வைத்து அந்தப் பாறையில் நின்றால் போட்டோ அருமையாக வரும். எடுக்கிறவன் முதுகுக்குப் பின்னால் பாறை முடிந்துவிடும். அதற்குக் கீழே நாற்பதடி.

இனி எழுதப்போவதை ஒரு வருஷமாக உங்களிடம் மறைத்தேன்.

பாசியில் கால் வழுக்கிவிட்டது என்று போலீசிலும் சொன்னோம், உங்களிடமும் சொன்னோம். வழுக்கவில்லை அக்கா.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. நான் வேலை பார்ப்பது ஃப்ளெக்ஸ் பேனர் கடையில். என் கல்யாண பேனருக்குத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு போட்டோ வேண்டும் என்று அங்கே புதுச் சட்டை, புது ஷூவோடு போயிருந்தேன். என் போனை மாயவனிடம் கொடுத்தேன். எப்போதும் எடுக்கிறவன் அவன்தானே.

"ஷூ வரலைடா. இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்றேன்.

"டேய் பேனர்க்காரா, நீ கல்யாணத்துக்கு நிக்கிறியா, எலெக்‌ஷனுக்கு நிக்கிறியா?"

"இன்னும் கொஞ்சம்டா."

நாலு தடவை சொன்னேன். அவன் போனுக்குள் என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். அவன் காலை யாரும் பார்க்கவில்லை. போதும் என்ற ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

போன் மட்டும் பாறை விளிம்பில் கிடந்தது. ஒரு மூலையில் கீறல், வேறொன்றும் ஆகவில்லை. கடைசியாக எடுத்த போட்டோ அதில் இருந்தது. தலையிலிருந்து ஷூ வரைக்கும் சரியாக வந்திருந்தது.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு அவன் போட்டோ ஒன்று தேடினோம். எல்லோரையும் எடுத்தவன் எதிலுமே இல்லை. லைசென்சில் இருந்த முகத்தை எடுத்து, அந்தக் கடைசிப் போட்டோவில் இருந்த என் உடம்பின் மேல் வைத்து, நானே டிசைன் பண்ணினேன். "எந்தம்பி மாப்பிள்ளையாட்டம் நிக்கிறானே" என்று தெருமுனையில் பேனரைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். வருஷத் திதிக்கு அதே போட்டோவை ஃப்ரேம் போட்டுத் தரச் சொல்லிப் போன மாசம் கேட்டீர்கள். சரி என்றேன். அந்த நிற்பு என்னுடையது அக்கா. என் கல்யாணமும் தேதி தள்ளித் தள்ளி நின்றே போய்விட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மாலையை விளிம்பிலிருந்து கீழே போட்டான் வீரமணி. அது சுழன்று சுழன்று விழுந்தது. மூன்று பேரும் பாறையின் நடுவுக்கு வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம்.

அப்போது போட்டோ எடுக்கும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது.

பக்கத்தில் இருப்பவன் பேசினாலே கேட்காத இரைச்சல் அது. அதற்குள் இந்தச் சத்தம், காதுக்குள்ளேயே யாரோ நகத்தைத் தட்டின மாதிரி, மூன்று பேருக்கும் கேட்டது.

"யாருடா எடுத்தது?" பிரேம்குமார் என் காதில் வாய் வைத்துக் கேட்டான்.

"யாரும் எடுக்கல. போன் என் பாக்கெட்லதான் இருக்கு."

"எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். புதுசாக ஒரு போட்டோ. மணி பன்னிரண்டு பத்து. பாறை மேல் நாங்கள் மூன்று பேரும், தலையிலிருந்து கால் வரைக்கும். விளிம்பில் நின்று எடுத்தது.

விளிம்பில் யாரும் இல்லை.

போன் என் கையில் இருக்கும்போதே மறுபடியும் அந்தச் சத்தம்.

இரண்டாவது போட்டோவின் அடிப்பக்கத்தில் பாறையின் விளிம்பு தெரிந்தது. அதாவது எடுத்தவன் விளிம்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

அந்தப் பக்கம் நிற்க இடமே கிடையாது.

"வாங்கடா போயிரலாம்," என்றான் வீரமணி. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டு பேரும் ஓடினார்கள். நான் விளிம்பைப் பார்த்துக் கத்தினேன். "மாயவா, போதும்டா! நில்லுடா!" தொண்டை கிழிந்தது. தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மூன்றாவது போட்டோவில் பாறை சிறுத்துவிட்டது.

திரும்பி வரும்போது பெரம்பலூர் பாலக்கரையில் என்னை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்தாமலேயே பிரேம்குமார் சொன்னான். "அந்தப் போனைத் தூக்கி ஏரியில போடு. இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சொன்னவன் நீதான்டா. எங்கள இதுல இழுக்காத." அதற்குப் பிறகு நான் போன் போட்டு இரண்டு பேரும் எடுக்கவில்லை. நேற்று முழுக்க, கடையில் முதலாளியோடு பேசினது, டீக்கடையில் சில்லறை கேட்டது, அவ்வளவுதான் என் பேச்சு. போனை நான் ஏரியில் போடவில்லை. போட்டால் அவன் எங்கே போகிறான் என்று யாருக்குத் தெரியும்?

போட்டோ வந்துகொண்டே இருந்தது. யாரும் அனுப்பவில்லை. இந்தப் போனில் எடுத்த மாதிரியே வந்து விழுகிறது. எல்லாமே அந்த அருவியைப் பார்த்து எடுத்தவை. ஞாயிறு சாயங்காலம் வந்ததில் வீரமணியும் பிரேம்குமாரும் இல்லை, இறங்கிப் போய்விட்டார்கள். பாறை மேல் நான் மட்டும் நிற்கிறேன். அந்த நேரம் நான் இங்கே என் ரூமில் இருந்தேன். போட்டோவில் இன்னும் அங்கேயே, கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறேன்.

நேற்றுக் காலை வந்ததில் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு அந்தப் பக்கம் மலை முழுசாகத் தெரிந்தது. மத்தியானம் வந்ததில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம், அதில் பச்சையாகத் தேங்கின தண்ணீர், தூரத்தில் நீலக் கோடாக மலை. விரலால் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கடுகளவு ஒரு புள்ளி. நான்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவன் எங்களை விட்டு எங்கேயும் போகவில்லை. முகம் என் பக்கம்தான் இருக்கிறது. பின்பக்கமாக அடி வைத்துப் போய்க்கொண்டே இருக்கிறான். போதும் என்று நான் கத்தினது அவன் காதில் விழவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வந்த போட்டோவுக்குள் உங்கள் ஊர் கோயில் கோபுரம் வந்திருந்தது. படத்துக்குள் வருகிறது என்றால் அதை அவன் தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

இன்று காலை ஆறு மணிக்கு வந்தது உங்கள் கொல்லைப்புறம். நீல பேரல், கொடியில் ஒரு பச்சைப் புடவை. இரண்டு ஓரத்திலும் மரச்சட்டம் தெரிகிறது. ரொம்ப நேரம் பார்த்த பிறகுதான் அது கதவு நிலை என்று புரிந்தது.

அவன் உங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டான் அக்கா.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். "அக்கா, முன்கதவச் சாத்தி வையுங்க" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"ஏன் தம்பி? விடிஞ்சதும் வாசக்கதவச் சாத்துனா வூட்டுக்கு லட்சுமி எப்புடி வருவா? உங்க மாமா திருப்பூர்லேருந்து வர்ற வரைக்கும் நான் தனியாத்தான கெடக்கிறேன், காத்தாவது வரட்டும்" என்று சிரித்தீர்கள். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டீர்கள்.

போன பொங்கலுக்கு நான் வந்திருக்கிறேன். கொல்லைக் கதவுக்கு நேராக வாசல் கதவு. வாசலில் மூன்று படி. படிக்குக் கீழே வண்டித் தடம். தடத்தை ஒட்டிக் கொள்ளிடத்துக் கரை, வெள்ளம் அறுத்ததில் ஆள் உயரத்துக்கும் மேல் செங்குத்தாக நிற்கிறது. ஆற்றில் இப்போது இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. அவன் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். அன்றைக்கும் பார்க்கவில்லை.

இன்னொரு தடவை அவன் விழக்கூடாது.

இதைப் படித்த பிறகு என்னை உள்ளே விடுவதும், செருப்பால் அடித்துத் துரத்துவதும் உங்கள் இஷ்டம். உள்ளே விட்டால் அவன் முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அருவிச் சத்தம் கிடையாது. அவனுக்குக் கேட்கும்.

அரியலூர் பஸ் ஸ்டாண்ட். எட்டு நாற்பது.

மேலே உள்ளதில் பாதி பஸ்ஸில் எழுதினது, எழுத்துக் கோணலை மன்னிக்கவும். திருமழபாடி பஸ் இன்னும் வரவில்லை. பாக்கெட்டுக்குள் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன்.

இந்தப் போட்டோவில் மலை இல்லை. நான் இல்லை.

நீங்கள் இருக்கிறீர்கள்.

திறந்த கொல்லைக் கதவை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கிறீர்கள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறீர்கள். முந்தானையை இழுத்து ஒழுங்கு பண்ணியிருக்கிறீர்கள். கண் நிறைந்து தளும்புகிறது. ஆனாலும் ஒரு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு உங்கள் முகத்தில்.

முழங்கால் வரைக்கும்தான் படத்தில் வந்திருக்கிறது.

வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. எடுக்கிறவனிடம் ஏதோ சொல்கிறீர்கள்.

என்ன சொல்கிறீர்கள் அக்கா?

ஆறு தடவை போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பஸ் உள்ளே திரும்புகிறது. ஜனங்கள் ஓடுகிறார்கள்.

இப்போது மறுபடியும் அந்தச் சத்தம். எடுத்துப் பார்க்கக் கை வரவில்லை.