நனைந்த கல்லின் நிறம்

"என் கட்டுரைய நாலு பேரு மேற்கோள் காட்டியிருக்காங்கய்யா. அதுதான் எனக்கு வந்த கஷ்டம்."

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அரங்கநாதனின் பெரம்பலூர் வீட்டில், நான்கு ஏடுகளை மேசைமேல் வைத்துவிட்டுச் சின்னப்பராஜ் இவ்வாறு கூறினார். இன்ஸ்பெக்டரின் நண்பரும் லப்பைக்குடிக்காட்டு வணிகருமான கவுஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

"திருட்டுக் கொடுத்தவன் வருவான், அடிவாங்கினவன் வருவான். புகழுறாங்கன்னு புகார் கொடுக்க வந்தவர இப்பத்தான் பாக்குறேன் சார்!"

சின்னப்பராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அரியலூர்ப் பக்கத்து மண்ணில் கல்லாகிப்போன கடல் உயிரிகளைப் பற்றி அவர் பல ஆண்டுகளாக எழுதி வந்தார். அவர் பெயரை எவரும் எங்கும் குறிப்பிட்டதில்லை. கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டு ஓசைக்காகக் காத்திருப்பவரைப் போலவே அவர் வாழ்ந்தார். 1946ஆம் ஆண்டிலோ ஒன்றன்பின் ஒன்றாக நான்கு குறிப்புகள் வெளிவந்தன. மண்ணியல், வேளாண்மை, சித்த மருத்துவம் என்னும் மூன்று துறை ஏடுகளில் மூவர் அவரைப் பாராட்டியிருந்தனர். நான்காமவர் மண்ணியல் ஏட்டிலேயே அவரை மறுத்திருந்தார்.

"சென்னையில ஒரு கல்லூரி ஆராய்ச்சிப் பதவி தரப்போகுது. என் எழுத்தை எந்தெந்தத் துறையில யார் யார் எடுத்தாண்டாங்கன்னு கேக்குறாங்க. பாராட்டின மூணு பேருக்கும் கடிதம் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. பொய்யாளுங்கன்னு பின்னால தெரிஞ்சா என் பேரு கெட்டுடும். விட்டுட்டா பதவி போயிடும்."

"உங்களுக்கு ஆகாதவன் வச்ச பொறி இது!" என்றார் கவுஸ்.

அரங்கநாதன் நிதானமாகப் படித்து முடித்தார். "உங்க கட்டுரையில வர்ற சுருள்கல்லு, அந்தக் கல்லாகிப்போன கடல் உயிரி, செந்நிறம்னு மூணு பேரும் எழுதுறாங்க. நீங்க?"

"சாம்பல் நிறம்னுதான் எழுதினேன். படமும் கறுப்பு வெள்ளை."

"கல்லு எங்க இருக்கு?"

"வரதராசன்பேட்டையில, எங்கம்மா கல்லறைத் தலைமாட்டுல. அப்பா உயிரோட இருந்தப்ப பதிச்சது. கட்டுரையில அதச் சொல்ல மனசு வரல; ஆண்டிமடத்துப் பக்கம் கிடைச்சதுன்னு மட்டும் எழுதினேன்."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"சித்திரை வெயில்ல, அளவெடுத்தப்ப."

"கல்லறைத் திருநாளுக்குப் போறதில்லையா?"

சின்னப்பராஜ் தலைகுனிந்தார். "கூட்டம் எனக்கு ஒத்துவராது. தங்கச்சி போவா."

மறுநாள் மூவரும் வரதராசன்பேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் நின்றனர். கன்னியர் பள்ளி ஆசிரியையான தங்கை அமலோற்பவமேரியும் அழைக்கப்பட்டிருந்தாள். வெயிலில் கல் சாம்பல் நிறமாகவே கிடந்தது. அதன் சுருள் பள்ளங்களில் மெழுகுவத்திச் சொட்டுகள் உறைந்திருந்தன. அரங்கநாதன் செம்பிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினார்.

கல் சிவந்தது.

"யா அல்லா!" என்றார் கவுஸ்.

"திருநாளுக்கு முன்னால கல்லறையக் கழுவுறது உங்க வழக்கம்," என்றார் அரங்கநாதன். "கட்டுரையில வர்ற கல்லு இதுதான்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் இதைக் காஞ்ச கல்லா அளந்தவர். இன்னொருத்தர் ஈரக் கல்லா மட்டும் பாத்தவங்க. இது எப்பவுமே சிவப்புன்னு நம்பினவங்கதான் அந்த மூணு குறிப்பையும் எழுதியிருக்க முடியும். ஏம்மா, சரிதானே?"

அமலோற்பவமேரியின் கண்கள் கலங்கின.

"ஒருத்தரும் படிக்கலன்னு மூடிவச்ச சோத்தத் தொடாமப் படுத்தீங்களேண்ணே. நான்தான் படிச்சேன். தங்கச்சி படிச்சான்னா அது கணக்குல வருமா? அதான் மூணு ஆளா எழுதினேன். முந்திரிக் கொல்லை மண்ணும் சங்கு பற்ப மருந்தும் எனக்குத் தெரிஞ்ச சங்கதிதானே."

ஒரே வீட்டில், அடுத்த அறையில் ஒருத்தி தன் எழுத்தை வரி விடாமல் படித்திருக்கிறாள் என்பது சின்னப்பராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆயினும் அவர் நெஞ்சு வெறுமையாயிற்று.

"அப்ப, வெளியில எனக்கு ஒருத்தருமில்ல."

"இருக்காரு. நாலாமவர்," என்றார் அரங்கநாதன். "அவர் சாம்பல்னுதான் எழுதியிருக்காரு, அச்சுல வந்ததைத் தவிர அவருக்கு வேறெதுவும் தெரியாது. உங்க அளவுகளத் திரும்பக் கணக்குப் போட்டு, கல்லுக்கு நீங்க சொன்ன காலம் தப்புங்கிறாரு. தப்புன்னு சொல்ல எவ்வளவு ஊன்றிப் படிச்சிருக்கணும்!"

"மறுத்தவர் பேர மட்டும் அனுப்பினா பதவி கிடைக்குமா சார்?" என்று கவுஸ் தயங்கிக் கேட்டார்.

"கிடைக்காது," என்றார் சின்னப்பராஜ். "அவர் பேரத்தான் அனுப்பப்போறேன்."

கல் ஓரங்களில் காய்ந்து மீண்டும் வெளிறத் தொடங்கியது. அவர் செம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரைத் தம் கையாலேயே ஊற்றினார்.

"நனைஞ்சா சிவக்கும்னு என் கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதணும். கண்டு சொன்னவங்க பேரையும் போடணும். யார் பேரப் போடட்டும்?"

அமலோற்பவமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவை என் பேரையே போடுங்கண்ணே."