ருங்கே வயலின் வடிகால்

குழாயிலிருந்து வந்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

நவம்பர் மாதம். கால்வாய் ஓரத்தில் மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது. நார்பர்ட் கையுறையைக் கழற்றிவிட்டு, கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த களிமண் குழாயின் வாய்க்குக் கீழே மறுபடியும் விரலை நீட்டிப் பார்த்தான். மண்ணுக்கடியில் ஓடிவரும் தண்ணீர் இந்த மாதத்தில் எலும்பு வரைக்கும் குத்தும். நாற்பது வருஷமாக இந்தக் கவுண்டி வட்டாரத்தின் வயல்களுக்கு வடிகால் குழாய் பதித்த கை அவனுடையது, அதற்குத் தெரியும். இது யாரோ துணி துவைத்துக் கொட்டிய தண்ணீர் மாதிரி இருந்தது. வாசனையும் அதுதான். சவுக்காரம், வெந்த முட்டைக்கோஸ், இரண்டுக்கும் அடியில் வயசானவர்கள் நாள்கணக்கில் படுத்துக் கிடந்த படுக்கையின் புளிப்பு.

முந்நூறு அடி தள்ளி, அறுத்த சோளத்தட்டைகளுக்கு மேல் தண்ணீர் குளமாக நின்ற இடத்தின் விளிம்பில், அவன் தம்பி லைல் ஆறடிக் குழிக்குள் இறங்கி அடைப்பைத் தோண்டிக்கொண்டிருந்தான். தோண்டும் எந்திரம் அந்தச் சேற்றில் போகாது. குழிக்குள் இறங்குவது எப்போதும் நார்பர்ட்தான். இன்றைக்கு முழங்கால் மடங்கவில்லை, அதனால் லைல் இறங்கினான். பக்கச் சுவர் சரியாமல் இருக்கப் பலகை முட்டுக் கொடுக்கவில்லை. கொடுக்க விடவில்லை.

"பலகையா?" என்று காலையில் நிலத்துக்காரன் ருங்கே வண்டியை விட்டு இறங்காமலே கேட்டான். "நீங்க பலகை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள நிலம் உறைஞ்சுடும். பொழுது சாயறதுக்கு முன்னாடி தண்ணி ஓடணும். இன்னொண்ணு. மண்ணுல என்ன கிடைச்சாலும் மண்ணுலயே போட்டு மூடு. அந்த மியூசியக்காரிகிட்ட தூக்கிட்டு ஓடினீங்கன்னு தெரிஞ்சுது, இந்தக் கவுண்டியில ஒருத்தனும் உங்களை வேலைக்குக் கூப்பிட மாட்டான்."

"மண்புழு கிடைச்சா என்னங்க செய்யறது?" என்றான் லைல். "எண்ணி உங்ககிட்டயே குடுத்துடட்டுமா?"

ருங்கே சிரிக்கவில்லை. வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அவன் எதற்குப் பயந்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த நிலம் ஒரு காலத்தில் கவுண்டியின் ஆதரவற்றோர் விடுதிப் பண்ணை. நிலம் இழந்தவன், புருஷன் விட்டுவிட்டுப் போனவள், வேலைக்கு ஆகாமல் போன கிழவன் என்று எல்லோரையும் அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். செத்தவர்களை இந்தப் பள்ளக் காட்டில் புதைத்து, தலைமாட்டில் ஆளுக்கொரு மரமுளை அடித்தார்கள். பிறகு ருங்கேயின் அப்பா நிலத்தை வாங்கி, முளைகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தார். தண்ணீர் வடிய வேண்டும் என்று அந்தப் புதைகுழி வரிசைக்குள்ளேயே நேராகக் குழாய் பதிக்கச் சொன்னார். சுற்றிப் போனால் செலவு கூடும். பதித்தது நார்பர்ட்டின் அப்பா. அன்றைக்கு மண்வெட்டியில் என்னென்ன வந்தது என்று அவர் சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

குழாய் ஒரு தடவை இருமியது. ஒரு கரண்டி வந்து கால்வாய்க் கல்லில் விழுந்தது.

தகரக் கரண்டி. காம்பில் 31 என்று எண் குத்தியிருந்தது. துளி சேறு இல்லை. அது என்னவென்று அவனுக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க மியூசியத்துக்குச் சுவர் பூச்சு வேலை செய்திருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த விடுதிப் பதிவேட்டை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். ஆளுக்கொரு எண், அந்த எண் போட்ட கரண்டி, வரும்போது கையில் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு வரி. 31, ஹால்டோர், உறவு யாருமில்லை, மூக்குக்கண்ணாடி ஒன்று.

கரண்டிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி வந்தது.

அப்புறம் 32. ஓட்டிலி. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லி வண்டியிலிருந்து புருஷன் இறக்கிவிட்டுப் போனவள். குழந்தைத் தொப்பி ஒன்று. கம்பளித் தொப்பி தண்ணீரோடு வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. நனையவே இல்லை. உட்புறம் சூடாக இருந்தது.

33, இக்னாட்ஸ், சவரக் கத்தி. அது திறந்தபடியே வந்தது. விரலைக் கிழித்துவிட்டுத்தான் கீழே விழுந்தது.

காற்று எதிராக அடித்தது. வயலுக்குக் குறுக்கே கத்தினால் கேட்காது. இந்த மாதிரி நாளில் இருவரும் குழாய் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள். அடைப்புக்கு இந்தப் பக்கம் கசிவு மட்டுமே ஓடும் குழாய், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி குரலைக் கொண்டுவந்துவிடும். நார்பர்ட் மண்டியிட முடியாமல் சரிந்து படுத்து, வாயைக் குழாயில் வைத்தான்.

"லைல். மேல ஏறு."

"ஏன், சாப்பாடு வந்தாச்சா?"

"சாமானெல்லாம் வருதுடா. ஏறு மேல."

"இன்னும் ஒரு சாண்தாண்ணே. நீ அங்க படுத்துத் தூங்கு, கிழவா. நான் முடிச்சுட்டு வந்து எழுப்பறேன்."

மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம். தம்பியின் மூச்சு. நார்பர்ட் குழாயில் காதை வைத்தான். களிமண்ணின் ஈரம் கன்னத்தில் ஒட்டியது. கேட்டது ஒரு மூச்சு மட்டுமில்லை. தம்பியின் மூச்சுக்கும் அவன் காதுக்கும் நடுவே, முந்நூறு அடி நெடுக, வேறு வேறு மூச்சுகள். மெதுவானவை. காத்துக்கொண்டிருப்பவை.

பிறகு ஒரு குரல் பேசியது.

"லைல். கையைக் குடுடா. கால் மாட்டிக்கிச்சு."

அது நார்பர்ட்டின் குரல்.

அவன் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே?" லைலின் குரல். மண்வெட்டி நின்றது. "எங்கேருந்து பேசறே? உள்ள எப்படி..."

"கையைக் குடுடா."

"அது நான் இல்ல!" நார்பர்ட் குழாய்க்குள் அலறினான். "லைல், அது நான் இல்லடா! ஏறு!"

அவன் அலறல் உள்ளே போகவில்லை. ஈரத்துணியை வைத்து அடைத்த மாதிரி வாயிலேயே நின்றது. அந்தப் பக்கம் லைல், அண்ணனுக்கு முழங்கால் வலிக்கும்போது பேசுகிற அதே மெத்தென்ற குரலில் சொன்னான்: "சரி, பதறாதே. இதோ கை. பிடிச்சுக்கோ."

நார்பர்ட் ஓடினான். கரை. சேறு. முழங்கால் ஒரு தடவை விட்டுப்போனது. எழுந்தான். சோளத்தட்டை தாடையைக் கிழித்தது. மறுபடி விழுந்தான். கையாலேயே ஊர்ந்தான்.

குழி.

சுவர் சரியவில்லை. மண்வெட்டி சாய்ந்து நின்றது. அடியில் லைலின் பூட்ஸ் தடங்கள். எல்லாம் குழாயைப் பார்த்து. திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை. குழாயின் வாய் ஐந்து அங்குலம். ஒரு கை போகும். அவ்வளவுதான்.

அடைப்பு இல்லை.

தண்ணீர் குழாய்க்குள் இரைந்துகொண்டு போனது. பின்னால் வண்டிச் சத்தம். ருங்கே கண்ணாடியை இறக்கினான்.

"ஓடுது பாரு. இதுக்குப் போயி பலகை கேட்டீங்க. மூடு."

"என் தம்பி உள்ள இருக்கான்."

"எதுக்குள்ள?" ருங்கே குழியை எட்டிப் பார்த்தான். காலியாக இருந்தது. "வேலை முடிஞ்சதும் நழுவிட்டான், அவ்வளவுதான். உங்க குணமே அதுதானே. மூடுன்னா மூடு."

அவன் வயலைத் திரும்பிப் பார்த்தான்.

குளம் வற்றிக்கொண்டிருந்தது. வயல் நெடுக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தண்ணீர் இறங்க இறங்க, தரை தெரிந்தது. தரையில் பள்ளங்கள். ஆள் நீளம், ஆள் அகலம். பக்கத்தில் பக்கத்தில், வரிசையாக, உழவுக்கும் வெட்டுக்கும் தப்பி, கோணாமல். வண்டியின் கண்ணாடி மெல்ல ஏறியது. வண்டி பின்னால் நகர்ந்தது.

நார்பர்ட் மண்வெட்டியை எடுத்தான். வரிசையின் கோடியில் கடைசிப் பள்ளம். மற்றவை பழசு, அது புதுசு. அதன் மண் இன்னும் அமரவில்லை.

அந்த மண் எழும்பியது. தாழ்ந்தது.

எழும்பியது.

அவன் மண்வெட்டியை ஓங்கி இறக்கினான். தார்ச்சாலையில் பட்ட மாதிரி எகிறியது. மறுபடி இறக்கினான். முனை மடங்கியது. நகத்தால் பிறாண்டினான். கீழே, ஒரு முழம்கூட இருக்காது, யாரோ பொறுமையாக அவன் தம்பியிடம், அவன் குரலிலேயே, பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

மண் தாழ்ந்தது. எழும்பியது.